சூரியனுக்கு ஆணி அடித்தது யார்?

பள்ளிக்கூடத்து அறிவியல் கண்காட்சி என்றால் மூன்று ஐட்டங்கள் கட்டாயம் இருக்கும். ஒன்று, சமையல் சோடாவும் வினிகரும் ஊற்றிப் பொங்க வைக்கும் எரிமலை. இரண்டு, மழைநீர் சேகரிப்பு. மூன்றாவது, தெர்மகோலில் செய்த சூரியக் குடும்பம். நெய்வேலி டவுன்ஷிப்பானாலும் சரி, பக்கத்து விருத்தாசலம், பண்ருட்டியானாலும் சரி, இதில் மாற்றம் கிடையாது. நடுவில் மஞ்சள் பெயின்ட் அடித்த பெரிய பந்து. சுற்றிலும் கம்பியில் குத்திய சின்னச் சின்ன உருண்டைகள். சனிக்கு மட்டும் அட்டையில் வெட்டிய வளையம். கொஞ்சம் கெட்டிக்காரப் பையன்கள் பழைய டேப் ரிக்கார்டர் மோட்டாரைக் கழற்றி வந்து கோள்களைச் சுற்றவும் விடுவார்கள்.

எல்லா மாடலிலும் பொதுவான ஒன்று உண்டு. கோள்கள் சுற்றும், ஆடும், சில நேரம் கழன்று கூட விழும். ஆனால் நடுவில் இருக்கும் சூரியன் மட்டும் அசையாது. ஆணி அடித்தோ ஃபெவிகால் போட்டோ கெட்டியாக நிறுத்தியிருப்பார்கள்.

அந்த ஆணிதான் பிரச்சினை. உண்மையான சூரியனுக்கு அப்படி ஓர் ஆணி கிடையாது.

"கோள்கள் சூரியனைச் சுற்றுகின்றன" என்று மூன்றாம் வகுப்பிலிருந்து படிக்கிறோம். தவறு என்று சொல்ல முடியாது, ஆனால் பாதி உண்மை. கோள் சூரியனை இழுக்கிறது என்றால் சூரியனும் கோளை இழுக்கிறது, இரண்டு இழுப்பும் சமம். நியூட்டனின் மூன்றாம் விதி இதைத்தான் சொல்கிறது. ஒரு பொருளை இழுத்தால் அது நகராமல் இருக்குமா? சூரியன் கனமானது என்பதால் கொஞ்சமாக நகரும், அவ்வளவுதான். ஆகவே கோள் சூரியனைச் சுற்றவில்லை, சூரியன் கோளைச் சுற்றவும் இல்லை. இரண்டும் சேர்ந்து தங்களுக்கு இடையில் உள்ள ஒரு புள்ளியைச் சுற்றி வருகின்றன. அந்தப் புள்ளிக்குப் பொது நிறை மையம் என்று பெயர்.

புரியவில்லையென்றால் தட்டாமாலை சுற்றிப் பாருங்கள். ஒரே எடையுள்ள இரண்டு பேர் கையைக் கோத்துக்கொண்டு சுற்றினால், இருவருக்கும் சரி நடுவில் உள்ள இடத்தைச் சுற்றி இருவரும் ஓடுவார்கள். அதையே ஒரு தடி அண்ணனும் யு.கே.ஜி. தம்பியும் சுற்றினால்? தம்பி பெரிய வட்டத்தில் பறப்பான். அண்ணன் நின்ற இடத்திலேயே சுற்றுவது போலத் தெரியும். ஆனால் காலைக் கவனித்தால் தெரியும், அவனும் பின்னால் சாய்ந்துகொண்டு ஒரு சின்ன வட்டம் போட்டுக்கொண்டிருப்பான். சாயாமல் விறைப்பாக நின்றால் இருவரும் விழ வேண்டியதுதான்.

நெய்வேலிக்காரர்களுக்கு இன்னும் பக்கத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. சுரங்கத்தில் மண்ணை வெட்டும் பக்கெட் வீல் எக்ஸ்கவேட்டர். ஒரு பக்கம் நீளமான கை, அதன் நுனியில் ராட்டினம் மாதிரி சுற்றும் வாளிச் சக்கரம். அது ஏன் முன்பக்கமாகக் கவிழ்வதில்லை? பின்பக்கம் குட்டையான இன்னொரு கை, அதில் பெரிய எதிர் எடை. இந்தப் பக்கம் எடை குறைவு, தூரம் அதிகம். அந்தப் பக்கம் எடை அதிகம், தூரம் குறைவு. எடையைத் தூரத்தால் பெருக்கினால் இரண்டும் ஏறக்குறைய சமன் ஆகும் இடத்தில் இயந்திரத்தின் உடல் உட்கார்ந்திருக்கிறது. வாளிச் சக்கரத்தின் இடத்தில் வியாழனையும், எதிர் எடையின் இடத்தில் சூரியனையும் வையுங்கள். கணக்கு அதே கணக்குதான். (சூரியனைப் போய் எதிர் எடை என்று சொல்லலாமா என்று யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம்!)

இப்போது எண்களைப் போட்டுப் பார்க்கலாம். வியாழனின் நிறை சூரியனின் நிறையில் 1,047-ல் ஒரு பங்கு. இரண்டுக்கும் இடையே சராசரித் தூரம் சுமார் 77.8 கோடி கிலோமீட்டர். அதை 1,048-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 7,42,000 கிலோமீட்டர் வருகிறது. சூரியனின் மையத்திலிருந்து பொது நிறை மையம் இவ்வளவு தூரத்தில் இருக்கிறது. சூரியனின் ஆரம் எவ்வளவு? சுமார் 6,96,000 கிலோமீட்டர்.

கவனித்தீர்களா? அந்தப் புள்ளி சூரியனுக்கு வெளியே இருக்கிறது! சூரியனின் மேற்பரப்பைத் தாண்டி 46,000 கிலோமீட்டர் வெளியே, வெறும் வெட்ட வெளியில். அதைத்தான் வியாழன் சுற்றுகிறது, சூரியனும் சுற்றுகிறது. ஒரு சுற்றுக்கு இரண்டுக்கும் ஒரே காலம், 11.86 ஆண்டுகள். வியாழன் வினாடிக்கு 13 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அதே நேரம் சூரியன் வினாடிக்குப் பன்னிரண்டரை மீட்டர் வேகத்தில் நகர்கிறது. அதாவது மணிக்கு 45 கிலோமீட்டர். டி.வி.எஸ். 50 வண்டி முக்கி முனகிப் போகும் வேகம். ஆனால் போவது சூரியனாயிற்றே! பூமியைப் போல மூன்று லட்சத்து முப்பத்து மூவாயிரம் மடங்கு நிறையுள்ள ஒன்று அந்த வேகத்தில் பன்னிரண்டு வருடத்துக்கு ஒரு வட்டம் அடிக்கிறது.

நம் பூமியும் தன் பங்குக்கு இழுக்கத்தான் செய்கிறது. ஆனால் பூமி-சூரியன் பொது மையம் சூரியனின் மையத்திலிருந்து 450 கிலோமீட்டர்தான். சூரியனுக்கு அது கொடுக்கும் வேகம் வினாடிக்கு 9 சென்டிமீட்டர். எறும்பு ஊர்வதை விடக் கொஞ்சம் வேகம், அவ்வளவே. சனியின் பங்கு கொஞ்சம் கணிசமானது. வியாழனும் சனியும் ஒரே பக்கம் வந்தால் சூரியன் அதிகமாக விலகும், எதிரெதிர்ப் பக்கம் போனால் மையத்துக்கு அருகில் வரும். ஆக, சூரியன் போடுவது ஒழுங்கான வட்டம் கூட இல்லை. சின்னக் குழந்தை சிலேட்டில் கிறுக்கினது மாதிரி சுருள் சுருளாக ஒரு கோலம். 1687-ல் வெளிவந்த பிரின்சிபியா நூலிலேயே நியூட்டன் இதைச் சொல்லிவிட்டார். சூரியன் ஓயாமல் நகர்ந்துகொண்டே இருக்கிறது, ஆனால் பொது மையத்தை விட்டு அதிக தூரம் போவதில்லை என்று. முந்நூறு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. தெர்மகோல் மாடலில் மட்டும் இன்னும் ஆணி பிடுங்கப்படவில்லை.

"சின்னப் பிள்ளைகளுக்கு இதையெல்லாம் சொன்னால் குழம்பிவிடும்" என்று ஆசிரியர்கள் சொல்லலாம். நியாயம்தான். மூன்றாம் வகுப்புக் குழந்தைக்கு "பூமி சூரியனைச் சுற்றுகிறது" போதும். ஆனால் பத்தாம் வகுப்பில் இயக்க விதிகள் வருகின்றன, மூன்றாம் விதி வருகிறது, ஈர்ப்பு விதியும் வருகிறது. அந்த வயதில் கூட இந்த இரண்டையும் முடிச்சுப் போட்டு "அப்படியானால் சூரியனும் நகர வேண்டுமே?" என்று கேட்க யாரும் தூண்டுவதில்லை. மூன்றாம் விதிக்கு உதாரணம் கேட்டால் துப்பாக்கி பின்னால் உதைப்பது, படகிலிருந்து குதிப்பது, ராக்கெட். இவற்றை மனப்பாடம் செய்து எழுதினால் மார்க் வந்துவிடும். "வியாழன் இழுப்பதால் சூரியன் நகர்கிறது" என்று ஒரு பிள்ளை எழுதினால், திருத்துபவர் சிவப்புப் பேனாவை எடுப்பாரா, பாராட்டுவாரா? சந்தேகம்தான். அந்தச் சந்தேகம் இருக்கிற வரைக்கும் பிள்ளைகள் துப்பாக்கியைத்தான் எழுதுவார்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது.

இதில் இன்னொரு வருத்தமும் உண்டு. நட்சத்திரம் தள்ளாடுவதை வைத்து அதன் கோளைக் கண்டுபிடிக்கலாம் என்று உலகத்தில் முதன்முதலில் முயற்சி செய்தவர்களில் ஒருவர் உட்கார்ந்து கணக்குப் போட்ட இடம் நம் சென்னை! நுங்கம்பாக்கம்!

கிழக்கிந்தியக் கம்பெனி நுங்கம்பாக்கத்தில் ஒரு வானியல் கூடம் நடத்தி வந்தது. 1792-ல் அதற்குக் கட்டடம் எழுந்தது. அந்தக் கருங்கல் தூண் இன்றும் நுங்கம்பாக்கம் வானிலை ஆய்வு மைய வளாகத்தில் நிற்கிறது, அதில் தமிழிலும் எழுத்து பொறித்திருக்கிறார்கள். "சென்னையில் கனமழைக்கு வாய்ப்பு" என்று டி.வி.யில் பேட்டி கொடுக்கும் அதே வளாகம்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் அந்தக் கூடத்துக்குப் பொறுப்பாக இருந்தவர் கேப்டன் வில்லியம் ஸ்டீபன் ஜேக்கப். ராணுவப் பொறியாளர், நில அளவைத் துறையில் வேலை பார்த்தவர். அதற்கு முன்பு பூனாவில் சொந்தமாக ஒரு சின்ன வானியல் கூடமும் வைத்திருந்தார். வானத்தின் மேல் அவ்வளவு பைத்தியம்.

ஜேக்கப் அதிகமாக அளந்தது இரட்டை நட்சத்திரங்களை. இரண்டு நட்சத்திரங்கள் ஒன்றை ஒன்று சுற்றுவது, அதாவது அதே தட்டாமாலைதான், இரண்டு பேரும் ஏறக்குறைய சம எடை. அதில் 70 ஓபியூகி என்று ஒரு ஜோடி. நம்மிடமிருந்து சுமார் பதினாறரை ஒளியாண்டு தூரம், ஒரு சுற்றுக்கு 88 ஆண்டுகள். 1779-லிருந்தே அந்த ஜோடியைப் பலரும் அளந்து வைத்திருந்தார்கள். ஜேக்கப் அந்த அளவுகளையும் தன்னுடையதையும் சேர்த்துப் பாதையைக் கணக்கிட்டுப் பார்த்தார். கணக்கு ஓர் இடத்தைக் காட்டுகிறது, நட்சத்திரம் இன்னோர் இடத்தில் நிற்கிறது. ஒரு முறை முன்னே, ஒரு முறை பின்னே. கண்ணுக்குத் தெரியாத மூன்றாவது ஆள் யாரோ கூடவே இருந்து இழுக்கிறார்கள் என்று தோன்றியது. 1855-ல் லண்டன் ராயல் வானியல் கழகத்தின் இதழில் இதை எழுதினார். அந்த ஜோடியில் கோள் போன்ற ஒன்று இருக்க வலுவான வாய்ப்பு இருக்கிறது என்ற அளவில்தான் எழுதினார், அடித்துச் சொல்லவில்லை.

இது ஏதோ ஆர்வக்கோளாறு என்று நினைக்கக் கூடாது. பதினொரு வருடங்களுக்கு முன்பு, 1844-ல், ஜெர்மனியில் பெஸ்ஸல் என்பவர் சிரியஸ் நட்சத்திரம் நேராகப் போகாமல் நெளிந்து நெளிந்து போவதைக் கவனித்து, அதற்கு ஒரு மறைந்த துணை இருக்க வேண்டும் என்று அறிவித்திருந்தார். 1862-ல் அமெரிக்காவில் ஆல்வன் கிளார்க் புது டெலஸ்கோப் ஒன்றைச் சோதித்துக்கொண்டிருந்தபோது அந்தத் துணை கண்ணிலேயே பட்டுவிட்டது. 1846-ல் நெப்டியூனும் இப்படித்தான், முதலில் பேப்பரில் கணக்கு, பிறகு வானத்தில் கோள். இழுப்பைப் பார்த்து இழுப்பவனைப் பிடிக்கும் வித்தை அந்தக் காலத்தில் சூடாக இருந்தது. ஜேக்கப் அதையே ஒரு படி மேலே கொண்டு போய், இன்னொரு நட்சத்திரத்தின் கோளைப் பிடிக்கப் பார்த்தார். சூரியனுக்கு வெளியே ஒரு கோள் கூடத் தெரியாத காலம் அது.

ஆனால் அவர் பார்த்தது கோள் இல்லை. வியாழன் மாதிரி ஒரு கோள் 70 ஓபியூகியில் இருந்தால் அந்த நட்சத்திரம் வானத்தில் எவ்வளவு நகரும் என்று கணக்குப் போட்டால், சுமார் ஒரு விகலையில் ஆயிரத்தில் ஒரு பங்கு வருகிறது. விகலை என்பது ஒரு பாகையில் 3,600-ல் ஒரு பங்கு. ஐந்து கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஒரு ரூபாய் நாணயத்தின் அகலம் ஒரு விகலை. அதிலும் ஆயிரத்தில் ஒரு பங்கு என்றால் நாணயத்தை ஐயாயிரம் கிலோமீட்டர் தள்ளி வைக்க வேண்டும். ஜேக்கப் கையில் இருந்ததோ ஆறு அங்குலச் சொச்சம் விட்டமுள்ள பிரெஞ்சு டெலஸ்கோப். போட்டோ கிடையாது, கம்ப்யூட்டர் கிடையாது. கண்ணை வைத்துப் பார்த்து, மெல்லிய இழையை நகர்த்தி அளக்க வேண்டும். அந்த முறையில் விகலையில் பத்தில் ஒரு பங்கு பிசகுவது சாதாரணம். அதாவது பிழையே தேடும் பொருளை விட நூறு மடங்கு பெரியது. ஜேக்கப்புக்குத் தெரிந்த நெளிவு, வேறு வேறு காலத்தில் வேறு வேறு ஆட்கள் அளந்த அளவுகளின் பிழை.

ஜேக்கப் உடல்நலம் கெட்டு ஊருக்குப் போனார். பூனா பக்கம் புதிதாக ஒரு வானியல் கூடம் அமைக்கத் திரும்பி வந்தவர், வந்த சில நாட்களிலேயே 1862-ல் அங்கேயே இறந்து போனார்.

கதை அதோடு முடியவில்லை. 1890-களில் அமெரிக்காவில் தாமஸ் சீ என்பவர் அதே 70 ஓபியூகியை எடுத்து, 36 வருடத்துக்கு ஒரு முறை சுற்றும் மறைந்த துணை உண்டு என்று அடித்துச் சொன்னார். மௌல்டன் என்ற இளைஞர் 1899-ல் அப்படி ஒரு மூன்றாம் ஆள் அந்த இடத்தில் நிலைத்திருக்கவே முடியாது என்று கணக்கோடு காட்டினார். சீக்கு வந்ததே கோபம்! பத்திரிகைக்கு அவர் எழுதிய கடிதத்தின் தொனியைப் பார்த்து, இனி உங்கள் எழுத்தே வேண்டாம் என்று சொல்லும் அளவுக்குப் போனது. 1943-லும் அதே நட்சத்திரத்துக்கு ஒரு கோள் அறிவிப்பு வந்து காணாமல் போனது. 1963-ல் பீட்டர் வான் டி காம்ப் என்பவர் பர்னார்டு நட்சத்திரத்தில் வியாழனை விடப் பெரிய கோள் இருப்பதாக, ஏராளமான போட்டோ தகடுகளைக் காட்டி அறிவித்தார். உலகமே பத்து வருடம் நம்பியது. பிறகு பார்த்தால், நட்சத்திரம் குதித்தது போலத் தெரிந்தது டெலஸ்கோப்பின் லென்ஸைத் திருத்திய சமயத்தோடு ஒத்துப் போனது. ஆடியது நட்சத்திரம் இல்லை, டெலஸ்கோப்!

கடைசியில் 1995-ல் வழி திறந்தது. ஸ்விட்சர்லாந்தின் மிஷேல் மேயரும் திதியே கெலோவும் நட்சத்திரம் எங்கே நகர்கிறது என்று பார்க்கவில்லை, எவ்வளவு வேகத்தில் நகர்கிறது என்று பார்த்தார்கள். ஆம்புலன்ஸ் நம்மை நோக்கி வரும்போது சைரன் கூர்மையாகவும், கடந்து போகும்போது தாழ்ந்தும் கேட்கிறதல்லவா? ஒளிக்கும் அதே கதைதான். நட்சத்திரம் நம் பக்கம் வரும்போது அதன் நிறமாலைக் கோடுகள் நீலப் பக்கம் சற்று நகரும், விலகும்போது சிவப்புப் பக்கம் நகரும். 51 பெகாசி என்ற நட்சத்திரம் வினாடிக்கு 56 மீட்டர் முன்னும் பின்னும், 4.23 நாளுக்கு ஒரு முறை ஆடுவது தெரிந்தது. வியாழனில் பாதி நிறையுள்ள ஒரு கோள், நட்சத்திரத்துக்கு மிக அருகில், நாலே நாலு நாளில் ஒரு சுற்று! அந்த வேகத்தையும் காலத்தையும் வைத்துக் கணக்கிட்டால், 51 பெகாசி போடும் வட்டத்தின் ஆரம் சுமார் 3,250 கிலோமீட்டர் வருகிறது. புவியியல் பாடத்தில் இந்தியாவின் வடக்கு-தெற்கு நீளம் 3,214 கிலோமீட்டர் என்று படித்திருப்பீர்களே, கிட்டத்தட்ட அதுதான். ஐம்பது ஒளியாண்டுக்கு அப்பால் ஒரு நட்சத்திரம் காஷ்மீருக்கும் கன்னியாகுமரிக்கும் உள்ள தூரம் நகர்வதை அளந்திருக்கிறார்கள். 2019-ல் இருவருக்கும் நோபல் பரிசு.

அவர்கள் பயன்படுத்திய டெலஸ்கோப்பின் கண்ணாடி 1.93 மீட்டர். ஜவ்வாது மலையில் காவலூரில் இருக்கும் வைனு பாப்பு டெலஸ்கோப் அதை விடப் பெரியது, 2.3 மீட்டர், 1986-லேயே திறக்கப்பட்டது. அப்படியானால் ஏன் காவலூரில் முதலில் கண்டுபிடிக்கவில்லை என்று சண்டைக்கு வரக் கூடாது. கண்ணாடி மட்டும் போதாது. நிறமாலைக் கோடு மயிரிழையில் மிகச் சிறு பங்கு நகர்ந்தாலும் சொல்லக்கூடிய, வெப்பமும் அழுத்தமும் துளியும் மாறாமல் பாதுகாக்கப்பட்ட கருவி வேண்டும். அகமதாபாத் இயற்பியல் ஆய்வுக்கூடத்தார் அப்படி ஒரு கருவியைக் கட்டி ராஜஸ்தான் அபு மலையில் வைத்தார்கள், பெயர் பாரஸ். வெறும் 1.2 மீட்டர் டெலஸ்கோப்பில் மாட்டி 2018-ல் ஒரு கோளை உறுதி செய்தார்கள். 2023-ல் அறிவித்த டி.ஓ.ஐ. 4603பி என்பது ராட்சதன், வியாழனைப் போல ஏறக்குறைய 13 மடங்கு நிறை, ஏழேகால் நாளில் ஒரு சுற்று. அது இழுக்கும் இழுப்பில் அதன் நட்சத்திரம் வினாடிக்கு ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் வேகத்தில் ஆடுகிறது. சூரியனின் டி.வி.எஸ். 50 எங்கே, இது எங்கே!

ஜேக்கப்பின் பழைய வழி, அதாவது நட்சத்திரம் வானத்தில் இடம் மாறுவதை நேராக அளக்கும் வழி, செத்துப் போய்விட்டதா என்றால் இல்லை. ஐரோப்பாவின் கயா விண்கலம் 2013-ல் ஏவப்பட்டு 2025 ஜனவரி வரை கோடிக்கணக்கான நட்சத்திரங்களின் இடத்தை அளந்தது. காற்று மண்டலத்தின் கலக்கம் இல்லாத இடத்திலிருந்து, விகலையில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே. அந்த அளவுகளில் தள்ளாட்டம் தெரிந்த ஒரு நட்சத்திரத்தைத் தரையிலிருந்து மீண்டும் அளந்து, 2025 பிப்ரவரியில் கயா-4பி என்ற கோளை அறிவித்தார்கள். வியாழனைப் போல சுமார் 12 மடங்கு நிறை, 570 நாளுக்கு ஒரு சுற்று. ஜேக்கப் கட்டுரை எழுதிச் சரியாக 170 வருடம்!

நம் ஊரில் அறிவியல் பெருமை பேசுகிறவர்கள் இரண்டு வகை. அணுவைத் துளைத்ததிலிருந்து ஏவுகணை வரை எல்லாம் முன்னோருக்கே தெரியும் என்பவர்கள் ஒரு வகை. நாசாவில் வேலை பார்க்கும் தமிழர்களின் பட்டியலை ஃபார்வர்டு செய்பவர்கள் இன்னொரு வகை. இரண்டு பேருக்கும் நுங்கம்பாக்கத்துக் கதை உதவாது. அந்த ஆள் வெள்ளைக்காரர், போதாக்குறைக்குத் தோற்றவர். ஆனால் ஒரு பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு இதை விட நல்ல பாடம் கிடைப்பது கஷ்டம். கேள்வி சரியாக இருந்தது, கொள்கை சரியாக இருந்தது, உழைப்பிலும் குறைவில்லை. இருந்தும் விடை தப்பு, ஏனென்றால் அளவுகோலின் பிழை தேடும் பொருளை விடப் பெரியது. பிராக்டிகல் நோட்டில் "பிழைகள்" என்ற தலைப்பின் கீழ் வேறு வழியில்லாமல் இரண்டு வரி எழுதுகிறார்களே, அது எதற்கு என்று அப்போது புரியும். தப்பான விடை என்றால் முட்டை மார்க், அடித்துவிட்டு அடுத்ததற்குப் போ என்பதே பழக்கமாகிவிட்ட பிள்ளைகளுக்கு, ஒரு தப்பான விடை எப்படி 170 வருடம் உயிரோடு இருந்து சரியான விடைக்குக் கொண்டு போய் விட்டது என்பது தெரிய வேண்டாமா?

செய்வதும் பெரிய செலவில்லை. கண்காட்சி மாடலில் சூரியனின் ஆணியைப் பிடுங்கிவிட்டு, ஒரு மூங்கில் குச்சியின் ஒரு முனையில் கனமான களிமண் உருண்டை, மறுமுனையில் ஒரு கோலிக்குண்டு. குச்சி எந்த இடத்தில் விரல் மேல் சமமாக நிற்கிறதோ அங்கே நூல் கட்டித் தொங்கவிட்டு முறுக்கிவிட்டால் போதும், களிமண் சூரியனும் சேர்ந்து சுற்றும். மொத்தச் செலவு பத்து ரூபாய் கூட ஆகாது, தெர்மகோலை விட மலிவு. 1998-ல் தொடங்கிய நெய்வேலி புத்தகக் கண்காட்சி ஜூலை மாதத்தில் கூடுவது வழக்கம். அங்கே வானியல் பற்றித் தமிழில் கேட்டால் பெரும்பாலும் ஜோதிடப் புத்தகத்தைத்தான் எடுத்து நீட்டுகிறார்கள். 1874-ல் வெள்ளி சூரியனைக் கடந்தபோது, அதே சென்னை வானியல் கூடத்தில் வேலை பார்த்த ரகுநாதாச்சாரி, சாதாரண ஜனங்களுக்காகப் பல மொழிகளில் கையேடு போட்டார். ஜேக்கப் கதையை முப்பது பக்கத்தில் எழுதி, பத்து இருபது ரூபாய்க்கு விற்க இன்றைக்கு ஒருவருக்கும் தோன்றவில்லை.

அந்த ஜூலை மாதக் கடைசியில், இரவு பத்து மணி வாக்கில், 70 ஓபியூகி நம் தலைக்கு மேலே, உச்சியிலிருந்து சற்றுத் தெற்கே நிற்கும். நான்காம் அளவு நட்சத்திரம், ஆகவே வெறும் கண்ணுக்கே தெரியும். ஆனால் டவுன்ஷிப்பின் தெரு விளக்குகளுக்கும் சுரங்கத்து ஃபிளட் லைட்டுகளுக்கும் நடுவில் நின்று தேடினால் கிடைக்காது, வயல் பக்கம் போக வேண்டும். அதற்குப் பக்கத்திலேயே, கையை நீட்டினால் இரண்டு விரல் அகலத்தில், வான் டி காம்ப்பை ஏமாற்றிய பர்னார்டு நட்சத்திரமும் இருக்கிறது. அது டெலஸ்கோப்புக்குத்தான் தெரியும். 2024-ல் அதன் வேகத்தை வினாடிக்கு அரை மீட்டர் வரை நுணுக்கமாக அளந்து ஒரு கோளைக் கண்டுபிடித்தார்கள், அடுத்த வருடமே மொத்தம் நான்கு என்று ஆயிற்று. நான்கும் பூமியை விடச் சின்னவை, வான் டி காம்ப் சொன்ன ராட்சதக் கோள் அவற்றில் இல்லை. 70 ஓபியூகியில் இதுவரை ஒரு கோளும் அகப்படவில்லை.